ராகிக் கூழில் துத்தநாகம்

மிச்சமிருந்த கூழை ஒரு வாய் குடித்த ஆதிலட்சுமி, ஓடிப்போய் வாசல் ஓரம் துப்பிவிட்டு வந்தாள்.

"இன்னாக்கா கூழு இது? காசை நாக்குல வச்சிகினு இருக்கிற மாரி இருக்குது."

பாத்திரம் தேய்க்க வருபவள் அவள். வாய்க்குச் சுவை பிடிக்கவில்லை என்றால் மறைக்கத் தெரியாதவள். புவனா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மாதமாக அவள் நாக்கிலும் இதே சுவைதான். மார்பில் கட்டி. கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அறுவை செய்வது என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முடிவானது. கீமோ போட்டால் நாக்கு இப்படித்தான் ஆகும் என்று அவளுடைய கணவர் சங்கரலிங்கம் சொல்லிக்கொண்டே இருந்தார். "மருந்தோட குணம் புவனா, பொறுத்துக்கோ" என்பார். அவளும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஆதிலட்சுமிக்கு யாரும் கீமோ போடவில்லையே.

புவனா எழுந்து சமையலறைக்குப் போனாள். முதல் ஷிப்டுக்குக் கிளம்புமுன் தினமும் சங்கரலிங்கம் தன் கையாலேயே கூழ் காய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போவார். அந்த அடுப்பை வேறு யாரும் தொடக்கூடாது. குடியிருப்பு பிளாக்கில் இருக்கிற பெண்களெல்லாம் இப்படியொரு மனுஷன் கிடைப்பாரா என்று மாய்ந்துபோனார்கள். ராகி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டாள். மருந்து இடிக்கிற ஒரு சின்னக் கல்வம் அகப்பட்டது, அடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பக்கத்தில் மாத்திரை அட்டைகள், ஒவ்வொன்றும் ஐம்பது மில்லிகிராம் துத்தநாகம். அட்டைகளுக்கு அடியில் ஒரு நோட்டு.

நோட்டைத் திறந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். தேதி, வெள்ளையணு, டோஸ், கையெழுத்து. 4200, ஒரு மாத்திரை. 3100, இரண்டு. 2400, மூன்று. 1900, நான்கு. கையெழுத்தும் போட்டிருந்தார், வரிக்கு வரி, ஒன்றைக்கூட விடாமல்.

மூன்று கீமோ முடிந்து நான்காவது இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. வெள்ளையணு போதவில்லை, இந்த நிலையில் மருந்து ஏற்றினால் சின்னக் காய்ச்சல்கூட ஆளைத் தூக்கிவிடும் என்றார்கள். அணுவை ஏற்றப் போட்ட ஊசியும் பலிக்கவில்லை. இரண்டு சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருந்த கட்டி இந்தத் தாமதத்தில் இரண்டரையாகிவிட்டது. அந்த அரை சென்டிமீட்டரை நினைத்து எத்தனை நாள் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருப்பாள். தன் உடம்புதான் தன்னைக் கைவிட்டது என்று நினைத்து அழுதாள்.

சங்கரலிங்கம் பவர் ஹவுஸில் தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவில் கெமிஸ்ட். பாய்லருக்குப் போகிற தண்ணீரில் தாது உப்பு ஒரு பொட்டுக்கூட இருக்கக்கூடாது. மணிக்கொரு தரம் ரீடிங் எடுப்பார். இறங்கினால் மருந்தைக் கூட்டுவார், ஏறினால் குறைப்பார், எழுதிக் கையெழுத்துப் போடுவார். முப்பது வருஷமாக அதுதான் வேலை. நோய் தெரிந்த வாரமே போனில் படித்துவிட்டு வந்து, துத்தநாகம்தான் புற்றுநோயோடு மோதும் அணுக்களுக்குச் சாப்பாடு என்று ஆரம்பித்தார். டாக்டர் எழுதாத ஒரு மாத்திரையும் என் வாயில் போகாது என்று புவனா அன்றைக்கே முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டாள். அதோடு விட்டுவிட்டார் என்றுதான் நம்பியிருந்தாள். செம்புச் சத்துதான் கட்டிக்குத் தீனி, முந்திரியில் அது அதிகம் என்று எங்கேயோ படித்து, அவளுக்கு உயிரான பண்ருட்டி முந்திரியையும் அவர்தான் வீட்டுக்குள் வரவிடாமல் செய்தார்.

மதியம் அவர் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நோட்டு மேஜைமேல் இருந்தது.

"இது என்ன?"

பார்த்தார். "உனக்கு நல்லதுக்குத்தான் புவனா. ரீடிங் இறங்குச்சு, டோஸ ஏத்துனேன். வேலையில நான் செய்யுதது அதான? என்னால ஒரு நாள் பிளாண்ட் நின்னதில்ல."

"நான் பாய்லரா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

"பாய்லருக்கு வாய் கிடையாது. எனக்கு இருக்கு. வேண்டாம்னு சொன்னேன். நாக்கு கெட்டுப்போச்சுன்னு தினம் காலையில சொன்னேன். மருந்தோட குணம்னு சொன்னீங்களே, அது பொய்னு தெரிஞ்சுதான சொன்னீங்க?"

அவர் நோட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அது போதும், அதற்குமேல் அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை. ஐந்து மாதமாகத் தாங்கிப் பிடித்த கைதான் இது, தலையில் முடி கொட்டியபோது தடவிக்கொடுத்த கைதான். அதை நினைத்தபோது கோபம் தணியவில்லை, இரண்டு மடங்காயிற்று.

மறுநாள் நோட்டோடு புதுச்சேரிக்குப் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார். டாக்டர் தமிழ்மொழி, மகள் வயசுதான் இருக்கும், நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு ரத்தத்தில் செம்பின் அளவைப் பார்க்க எழுதிக்கொடுத்தார். நாலு நாள் கழித்து முடிவு வந்தது. இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை.

"ஜிங்க் வேணும்தான் சார்," என்றார் டாக்டர். "கேன்சரை எதிர்க்கிற அணுக்களுக்கு ஜிங்க், செலினியம், மெக்னீசியம், இரும்பு எல்லாமே வேணும். அதுக்குன்னு ஒரு அளவு இருக்கு. நீங்க கொடுத்த அளவுக்குப் போனா குடல் காப்பரை உள்ள விடாது. காப்பர் இல்லன்னா எலும்பு மஜ்ஜையில வெள்ளையணு உண்டாகாது. கீமோவும் குறைக்கும், அதனால எல்லாத்தையும் இது தலையில போட மாட்டேன். ஆனா ஊசி போட்டும் ஏன் ஏறலன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"குறைய குறைய நான்..." என்று ஆரம்பித்த சங்கரலிங்கம் மேலே போகவில்லை.

"ஆமா சார். குறைய குறைய நீங்க கூட்டினீங்க."

துத்தநாகத்தை நிறுத்தச் சொல்லி, செம்புக்கு மருந்து எழுதினார். பருப்பு, எள்ளு, முட்டை எல்லாம் சாப்பிடலாம், முந்திரியும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். முந்திரி என்றதும் புவனா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை விரித்துவைத்தாள். கடைசி வரிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டாள். டோஸ் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

"ஷிப்ட் முடிஞ்சு போறவங்க, வர்றவங்ககிட்ட ஒப்படைச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்ல? போடுங்க. இனிமே இந்த உடம்பு என் ஷிப்ட்."

"புவனா, நான் செத்தே போயிருப்பேன், உனக்கு ஒண்ணுன்னா..."

"போடுங்க."

போட்டார். முப்பது வருஷத்துக் கையெழுத்து அன்றைக்குக் கோணிக்கொண்டு போயிற்று. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவப்படுவதற்கு அவளுக்கு அப்போது தெம்பு இல்லை.

ஆதிலட்சுமி தன் ஊர்த் தோப்பிலிருந்து வறுத்த முந்திரியைப் பை நிறையக் கொண்டுவந்து வைத்தாள். "துன்னுக்கா. யாரு கேக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்" என்று அடுக்களை வரைக்கும் கேட்கச் சொன்னாள். அடுக்களையில் சங்கரலிங்கம் தனக்குத் தானே காபி போட்டுக்கொண்டிருந்தார்.

நாலு வாரம் கழித்து ரத்தம் பார்க்கப் புவனா ஆதிலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி பிளாக்குக்குள் நடந்து வரும்போது அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறாரோ, சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"எவ்வளவு?" என்றார்.

"வியாழக்கிழமை கீமோ. ஆதிலட்சுமி கூட வர்றா."

"சரி, சரி. நம்பர் எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

அவள் கைப்பையிலிருந்து ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நாக்கில் காசு இல்லை, முந்திரி முந்திரியாகவே இருந்தது. ரிப்போர்ட்டும் அதே பையில்தான் மடித்துக் கிடந்தது.

"ஒரே ஒரு ரீடிங் புவனா. அதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டேன்."

வழியெல்லாம் அந்த எண்ணை அவள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள், மனப்பாடமாகியிருந்தது. அவரைத் தாண்டி உள்ளே போனாள். சொல்லவில்லை.