காசு உறுதியாப் போச்சு

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல. ஒரு வாரப் பத்திரிகைக்கு எண்ணூறு சொல்லில் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: 'வெளிநாட்டில் உழைப்போரின் சேமிப்பு, நெருக்கடிக் காலத்தில் வங்கிகளில் பாதுகாப்பானதா?' எனக்குப் பொருளாதாரம் தெரியாது என்பது ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்குக் கொடுக்க அவரிடம் காசில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

முதல் வசனம் இப்படி அமைந்தது:

[வெளிநாட்டு நாணய வைப்புகள் தொடர்பில் மக்கள் மத்தியில் நிலவும் அச்சமானது —]

'அச்சமானது' என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. இரண்டாவது தொடக்கம்:

[பாதுகாப்பு என்றால் என்ன? —]

இது அதைவிட மோசம். பேனையை மூடிவிட்டு, நாட்டில் டொலர் தீர்ந்துபோன 2022 மார்ச்சில் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு வங்கியில் நான் நின்ற வரிசையை நினைத்துப் பார்த்தேன். நோர்வேயிலிருக்கும் தங்கை என்னை நம்பிப் போட்டுவைத்த சிறு தொகையை எடுத்துவிடலாமா என்ற யோசனையோடு நின்றேன். வரிசை வாசலைத் தாண்டி, நிழலில் படுத்திருந்த மானைச் (எங்கள் ஊர்த் தெருவில் மான்கள் மாடுபோலத் திரியும்) சுற்றிக்கொண்டு வீதிக்கு வந்திருந்தது. முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டு எடுக்காமலே வீட்டுக்குப் போனேன். அதைத் தூரநோக்கு என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் கால் கடுத்தது.

எனக்கு முன்னால் நின்ற பெண் போகவில்லை. கட்டுரையின் மூன்றாம் பந்தியில் அவளே வந்து நின்றுகொண்டாள். அதோடு கட்டுரை கெட்டது.

2.

அவளுக்கு முதலில் சுதர்ஷிகா என்று பெயர் வைத்து, வரிசையிலேயே அழவைத்தேன். [அவளது கண்கள் குளமாயின —] வெட்டிவிட்டேன். அந்தப் பெண் அழவில்லை; இடையில் புகுந்த ஒருவரைக் கடைசிக்குத் திருப்பி அனுப்பினாள். அப்படிப்பட்டவளுக்கு ஜெயரூபி என்ற பெயர்தான் பொருந்துகிறது. முப்பத்தொன்பது வயது, கடற்கரைப் பக்கம் வீடு. கணவன் கோகுலன் டோஹாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். அவனுடைய பதினொரு வருட உழைப்பு வங்கியில் இருபத்தோராயிரம் டொலராகக் கிடந்தது. கணக்கு இருவர் பெயரிலும். இருவரில் யார் வந்து கையெழுத்து வைத்தாலும் எடுக்கலாம்.

இனி ஒரு வதந்தி தேவை. பக்கத்து வீட்டுச் சோமசேகரம் தருகிறார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் வருவதையும் வராததையும் வைத்தே நாட்டின் கஜானாவை எடை போடத் தன்னால் முடியும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

"எண்ணெய்க் கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்குது, பிள்ளை. இறக்கக் காசில்லை. அடுத்ததா என்ன செய்வினம்? உங்கட டொலரை எல்லாம் எடுத்துப்போட்டு ரூபாயாத் தருவினம்."

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. அதுதான் பயமே."

(இந்தப் பதிலை மறுக்க ஒரு நிபுணராலும் முடியாது. கட்டுரைக்காக ஒருவரைக் கேட்டும் பார்த்தேன். 'பொறுத்திருந்து பார்க்கவேண்டும்' என்றார். அதை நானே சொல்லியிருப்பேன்.)

3.

ஜெயரூபி கதிரையின் நுனியில் இருந்தாள். எதிரே ரிஸ்லா என்ற இளம் வங்கி உத்தியோகத்தர். காலையிலிருந்து ஒரே கேள்வியை நூறு பேர் கேட்கக் கேட்டுக் களைத்திருந்தார்.

"காசு பத்திரமோ, மிஸ்?"

"ஒரு பிரச்சினையும் இல்லக்கா. உங்கட காசு உங்கட கணக்குல இருக்கு."

"டொலராத் தருவீங்களோ?"

"தாளா இப்ப கையில இல்ல. ரூபாயா எண்டா இண்டைக்கே தரலாம். இருநூத்து இருபத்தெட்டு ரூபாப்படி."

"நாளைக்கு அரசாங்கம் இதில கை வைக்காதெண்டு எழுதித் தருவீங்களோ?"

"அப்பிடியெல்லாம் உறுதி தர ஏலாதுக்கா."

அந்தச் சொல்லை முதலில் எடுத்தது ரிஸ்லாதான். ஜெயரூபிக்கு அது வேறு பக்கமாகப் போய் விழுந்தது.*

* வேறு ஊர்க்காரர்களுக்காக ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் காணிப் பத்திரத்துக்கு உறுதி என்று பெயர். முத்திரை குத்தி, சாட்சி வைத்து, நொத்தாரிசு எழுதித் தருவது. உலகத்தில் மற்ற உறுதிகள் எல்லாம் வாய்ப்பேச்சு. இது ஒன்றுதான் கடதாசியில் வரும்.

வங்கி உறுதி தராது, காணி தரும். சாம்பல்தீவில் ஒருவர் கனடா போகிற அவசரத்தில் வீடொன்று கட்டும் அளவான இருபத்திரண்டு பேர்ச் காணியை விற்கப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கோகுலனை அவள் கேட்கவில்லை. கேட்டால் 'யோசிப்பம்' என்பான். காணிக்காரருக்கு யோசிக்க நேரமில்லை. நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். மழையைப் பெய்யவைத்தேன், முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் கிடைக்காமல் செய்தேன். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஐந்தாம் நாள், ரூபாயாக எடுத்த நாற்பத்தேழு லட்சமும் காணி உறுதியாகி, ஒரு நீலக் கோப்பில் அலுமாரிக்குள் வந்து படுத்தது.

4.

அன்று பின்னேரம் கோகுலனுக்கு வட்சப்பில் குரல் அனுப்பினாள்.

"இனி யோசியாதேங்கோ. எங்கட காசு உறுதியாப் போச்சு."

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. முதலில் நீளமான ஒரு பெருமூச்சு. பிறகு, "அப்பாடா. வங்கியில கதைச்சிட்டியே? காணும், அது போதும். ரெண்டு கிழமையா எனக்கு நித்திரை இல்லை, ரூபி."

இந்த இடத்தை நாலு தரம் எழுதி நாலு தரமும் வெட்டினேன். [அவள் வேண்டுமென்றே அந்தச் சொல்லை —] இல்லை. [அந்தச் சொல் அவளை ஏமாற்றி —] அதுவும் இல்லை. ஒரு சொல்லின் தலையில் பழியைப் போடுவது எழுதுகிறவர்களின் சோம்பல். நடந்தது இதுதான். அவள் காணி உறுதியைச் சொன்னாள். அவன் வங்கியில் காசு நிச்சயம் என்று விளங்கிக்கொண்டான். பெருமூச்சைக் கேட்டதுமே அவளுக்குப் பிழை தெரிந்துவிட்டது. திருத்திச் சொல்ல விரலை வைத்தவள், இரண்டு கிழமை தூங்காத மனுசன் இன்றைக்காவது தூங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று எடுத்துவிட்டாள்.

அந்த 'நாளைக்கு' ஒன்பது கிழமை நீண்டது.

5.

மே மாதம் டொலர் முந்நூற்று அறுபதுக்குப் போயிருந்தது. கோகுலன் போன் எடுத்தான்.

"கணக்குப் பாத்தனியே, ரூபி? எழுபத்தஞ்சு லட்சம். அண்டைக்கு நீ சனத்தோட சனமா ஓடிப்போய் எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லு பாப்பம்."

"ஓம்," என்றாள் ஜெயரூபி. குசினிக்குள் நின்றவள் அடுப்பை அணைத்தாள்.

"வியாழக்கிழமை வேலையை விடுறதுக்குக் கடிதம் குடுக்கிறன். உழைச்சது காணும். வந்து ஒரு ஹாட்வெயார் கடை போடுவம்."

அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, இதையெல்லாம் செய்தவன் நான்தான் என்றாலும். அவன் நம்பி வேலையை விடப்போகும் எழுபத்தைந்து லட்சம் எங்கும் இல்லை. காணியை விற்றுத் தரச்சொல்லி மறுநாளே தரகர் முனாஸிடம் போனாள்.

"இந்த நேரத்துல ஆருட்டக்கா காசு இருக்கு?" என்றார் அவர். "முப்பது லட்சத்துக்கு எண்டா கேட்டுப் பாக்கலாம். அதுவும் உடன வராது."

வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது.

6.

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. பார்த்து எடுக்கலாம்.

காணிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் வருகிறது, விலை மூன்று மடங்காகிறது. ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் வாயே திறக்கவில்லை. அவன் வந்து இறங்கி, [அலுமாரியைத் திறந்து நீலக் கோப்பைக் கையில் எடுத்தவன் —] பாதி எழுதினேன். நல்ல காட்சிதான். அந்த மனுசனை அப்படி நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரைக்கு ஏற்ற முடிவும் ஒன்று உண்டு: அவள் காசைத் தொடாமல் இருந்திருந்தால் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும், வதந்தியை நம்பாதீர்கள். உண்மைதான், என் தங்கையின் காசு அப்படியே கிடக்கிறது, வட்டியும் போட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லாம் முடிந்தபிறகு புத்தி சொல்ல யாராலும் முடியும். அந்த மார்ச்சில் வரிசையில் நின்ற ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கால் கடுத்தவன் தப்பினான், கால் கடுக்காதவள் மாட்டிக்கொண்டாள். இதை எண்ணூறு சொல்லில் எழுதினால் ஆசிரியர் என்னைச் சும்மா விடுவாரா?

7.

புதன்கிழமை பின்னேரம் மூன்று மணி. டோஹாவில் அது சாப்பாட்டு நேரம். ஜெயரூபி அவனுக்குப் போன் எடுத்தாள்.

"சாப்பிட்டாச்சோ?"

"ஓம். நீ?"

"ஓம். கடிதம் எழுதிட்டீங்களோ?"

"பொக்கட்டுக்க கிடக்கு."

"இன்னும் ரெண்டு வருசம் நில்லுங்கோவன்," என்றாள். இரவெல்லாம் யோசித்துவைத்த வசனம். "பழகின வேலைதானே."

இங்கே நான் கோகுலனுக்கு ஒரு சிரிப்பை எழுதி வைத்திருந்தேன். அவன் அதை எடுக்கவில்லை.

"ரூபி, நான் பொங்கலுக்குப் பிறகு சாரத்தில ஏறேல்லை. முழங்கால் போச்சு. ஸ்டோருக்க இருத்தி அரைச் சம்பளம் தந்தவங்கள். இந்தக் கடிதம் நான் எழுதினதில்லை. வேலையால நிப்பாட்டி அவங்கள் எனக்குத் தந்தது. நாளையோட சரி."

இது எனக்கும் தெரியாது. அவன் சொல்லித்தான் தெரியும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே அவன் நொண்டி நடப்பதும் தெரிந்தது.

"சொன்னா நீ நித்திரை கொள்ளமாட்டாய். எங்கட காசு கிடக்குதெண்ட ஒரு துணிவிலதான் இத்தனை நாளும் இஞ்ச தலை நிமிர்ந்து நிண்டனான்."

ஜெயரூபி கதிரையை இழுத்து இருந்தாள்.

"நானும் ஒண்டு சொல்லோணும். இடையில கதைக்காமல் கேளுங்கோ."

"சொல்லு."

இந்தச் 'சொல்லு'வோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டேன். அவளுக்காக மூன்று வசனம் எழுதினேன். மூன்றும் என்னுடையவை, ஒன்றிலும் அவள் குரல் இல்லை. அதுவுமல்லாமல், ஒரு புருசனும் பெண்சாதியும் இனிப் பேசப்போவதைக் கட்டுரைக் கூலிக்கு வந்தவன் பக்கத்தில் நின்று கேட்பது மரியாதையில்லை. நான் எழுதும் கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன். நீங்கள் இருங்கள். அவள் மூச்சை இழுத்துவிட்டாள். அந்த முதல் சொல் வெளியே வரும்போது அவளுக்குப் பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும்.