கட்டத்துக்குள் ஒரு கிடா

கொள்ளைநோய் வந்து பள்ளியை இழுத்து மூடியதும், பிள்ளைக்கு இனிக் கீழே ஊரில் என்ன வேலை என்று சாய்கலின் அப்பா தெமிர்பெக் ஆடுகளோடு அவளையும் மலைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பாடமெல்லாம் போனில்தானே என்றார். அவளுடைய போன் சென்ற மாதம் அவள் குதிரையில் ஆற்றைக் கடக்கும்போது நழுவித் தண்ணீரோடு போனது. அதோடு வகுப்பும் போயிற்று.

இன்று பள்ளியில் கடைசி மணி, படிப்பு முடிப்பவர்களை வழியனுப்பும் நாள். பதினோராம் வகுப்பு முடிப்பவர்களை டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும், பிறகு மணி அடிக்கும். இந்த வருஷம் அதுவும் போனில்தான். கீழே ஊரில் இருந்த சித்தி எப்படியோ அந்த வீடியோ வகுப்பில் சேரும் லிங்க்கை வாங்கி அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் தானும் அந்த வகுப்புப் பிள்ளைதான். சாய்கலுக்கு வேறெதுவும் வேண்டாம்.

கடைசி மணிக்கென்றே பெண்கள் போடும் உடுப்பு: கறுப்புக் கவுன், வெள்ளை ஏப்ரன், தலையில் பெரிய வெள்ளை ரிப்பன்கள். ஏப்ரனை அம்மா சுடுகெண்டியின் அடியால் தேய்த்துக் கொடுத்திருந்தாள். சிக்னல் முகட்டில்தான் கிடைக்கும். குதிரையேறிப் போனாள்.

கிடைத்தது, அரைகுறையாக. அவர்கள் பேசுவது இவளுக்குக் கேட்டது; இவள் முகமும் குரலும் அங்கே போகவில்லை. திரையில் இவளுடைய கட்டத்தில் அப்பாவின் பெயரும், அவர் பெருமையாக வைத்திருந்த கொழுத்த கிடாவின் படமும்தான் தெரிந்தன.

"டேய், கிடா ஒண்ணு பரீட்சை பாஸ் பண்ணியிருக்குடா!" என்று வீடியோவை நடத்திக்கொடுத்த வகுப்புப் பையன் இல்யாஸ் கத்தினான். வகுப்பே சிரித்தது.

"சாய்கல்," என்றார் டீச்சர்.

"இருக்கேன்! இருக்கேன் டீச்சர்!"

"சாய்கல் வரலையா?"

பத்து வருஷம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெர்மெத் பதில் சொன்னாள். "அவ படிப்ப விட்டுட்டா டீச்சர். எத்தனை மெசேஜ் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல." பாவி, வருத்தத்தோடுதான் சொன்னாள். அதுதான் கூடுதலாக வலித்தது.

"சரி, விடு. அந்தக் கிடா யாரு? வெளியாள் வேணாம், இல்யாஸ், வெளிய தள்ளு."

திரை இருண்டது. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள், உள்ளே விடவில்லை. அழுது தீர்த்துவிட்டு இறங்கினாள்.

அப்பா ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார். "பேரைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்கப்பா."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கேன்னு சொன்னேன்."

"அடி என் தங்கமே! இந்த நாளுக்கு வெட்டாம வேற எதுக்கு அந்தக் கிடாவப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்?" என்று அவர் பட்டிக்குள் போய் அந்தக் கிடாவையே கொம்பைப் பிடித்து இழுத்துவந்தார். அம்மா கத்தியை எடுத்தாள்.

கிடாவின் காலைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. சாய்கல் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.