லிஃப்ட் இல்லாத விடுதி

எட்டு மணித் தொடரில் பத்து நிமிடத்தைத் தாண்டி அவள் விழித்திருந்ததாகச் சரித்திரமே இல்லை. பேக்கரியில் கேக்குக்கு கிரீம் வைக்கும் வேலை. காலை ஐந்துக்கெல்லாம் ஏப்ரன் கட்டியாக வேண்டும். அதனால் தொடக்கப் பாட்டு முடியும்போதே கண் சொக்கும், தலை கணவரின் தோளுக்குப் போய்விடும். மிச்சக் கதையை மறுநாள் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவிடும்போது அவர் சொல்வார். லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் சேர்த்தால் நூறு வார்த்தை பேசமாட்டார். ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் ஆளே வேறு. சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் வில்லனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மலையடிவாரத்தில் விடுதி நடத்தும் ஒருத்தியின் கதை அது. ஏழு வருடம் காணாமல் போயிருந்த புருஷன் திரும்பி வந்திருக்கிறான். சேர்வார்களா, மாட்டார்களா என்பதுதான் மூன்று மாதமாக இழுபறி.

அன்று காலை, பெட்டி மடிக்கும் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"நேத்து அழுதீங்களாக்கா?"

"எதுக்கு அழணும்? அதான் சமாதானம் ஆயிட்டாங்களே. ரெண்டு பேரும் லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டு, ரெண்டு மணி நேரம் மனசு விட்டுப் பேசி..."

ரேடியோவின் கை பாதி மடித்த பெட்டியோடு நின்றது.

"எந்த லிஃப்ட்டு?"

"விடுதியில இருக்குமே, அந்த லிஃப்ட்டுதான்."

"அக்கா, அது ஓட்டு வீடு. மாடியே கிடையாது. லிஃப்ட்டுல ஏறி எங்க போவாங்க, கூரைக்கா? அந்த ஆளு விட்டுட்டுப் போயி மூணு வாரமாச்சு. நேத்து வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டான். இந்தப் புள்ள தூர நின்னு பாத்துட்டுத் திரும்பி நடக்குது. எங்க வீட்டுல யாருக்கும் சோறு இறங்கல."

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அது எங்கோ போய்விட்டது. ஒரே கேக்கின் ஓரத்துக்கு இரண்டு தடவை கிரீம் வைத்ததை மேற்பார்வையாளர் வந்து சொன்ன பிறகுதான் கவனித்தாள்.

மூன்று மாதமாகத் தினமும் ஒரு பொய். அதுவும் எவ்வளவு விவரமான பொய்! அந்த விடுதிக்காரி சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தது, மறுநாள் அதைத் தானே பொறுக்கியது, எல்லாமே கப்சாவா? எதற்கு? திரும்பும் பேருந்தில் நூலகப் புத்தகத்தைத் திறந்தாள். எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு நிம்மதியாக ஆரம்பிக்கிறவள் அவள். அன்று கடைசிப் பக்கத்தையும் நம்ப முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா அவள் செய்த கேக்கைப் புகழ்ந்ததாக அவர் சொன்னாரே, அது? சம்பள உயர்வைத் தானே வேண்டாம் என்றதாகச் சொன்னாரே, அது?

அந்த வரிசையில் அடுத்து வந்தது கழுத்துக் கட்டி. அதை நினைத்ததும் புத்தகம் மடியிலிருந்து நழுவியது.

போன மாதம் அவருக்குக் காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. ஊசியால் அதிலிருந்து துளி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, ஸ்கூட்டரில்தான், முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "வெறும் கொழுப்பாம். நீ இருபது வருஷமா சொல்றத லேபுக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சிருக்கான்." அவளும் முதுகில் ஒரு குத்துக் குத்திவிட்டு அதோடு மறந்துபோனாள்.

அவர் ஐந்தரைக்கு வந்தார். கிரீஸ் கையைக் கழுவக்கூட அவள் விடவில்லை.

"ஏங்க, அந்த விடுதியில லிஃப்ட்டு இருக்கா?"

"எந்த விடுதி?"

"டிவி விடுதி."

அவர் துண்டைத் தேடினார். தோளிலேயே கிடந்தது.

"இல்லையா?"

"ஓட்டு வீடாம். மூணு மாசமா என்னதான் பாத்தீங்க?"

"எங்க பாத்தேன்? நீ தூங்கி அஞ்சாவது நிமிஷம் நானும் தூங்கிடுவேன்."

"நீங்களுமா?"

"உன் குறட்டை தாலாட்டு மாதிரி இருக்கு, நான் என்ன பண்ண? முழிச்சுப் பாத்தா செய்தி ஓடிட்டிருக்கும். காலையில நீ பின்னாடி உக்காந்து ஆசையா கேக்குற. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. ஒரு நாள் சும்மா அடிச்சு விட்டேன். அப்புறம் தினமும் நேத்து சொன்னதோட ஒத்துப்போற மாதிரி சொல்ல வேண்டியதாப் போச்சு. அது என் வேலையவிடக் கஷ்டம், தெரியுமா?"

கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். பாதியில் அவள் நிறுத்தினாள்.

"ரிப்போர்ட்ட பாத்தீங்களா?"

அவர் சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"போன்ல வந்துச்சு."

"பாத்தீங்களான்னு கேட்டேன்."

"திறக்கல."

"ஒரு மாசமாவா?"

"இருபத்தாறு நாள்."

அவளுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நின்றபடியே கேட்டாள்: "ஒரு லிஃப்ட்ட பாக்காம 'சரியா இருக்கு'ன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

"மாட்டேன். அது அடுத்தவங்க உயிரு. அதுல விளையாட முடியுமா?"

"இது யாரு உயிருன்னு நெனச்சீங்க? என்னோடதுங்க."

அவர் போனை எடுத்து நீட்டினார். கைவிரல் கிரீஸ் திரையில் பதிந்திருந்தது. ஏப்ரன் நாற்றம் போகாத புடவையின் முனையால் அதைத் துடைத்து, செய்தியைத் திறந்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இருக்கறத இருக்கற மாதிரி படி. நல்லதா மாத்தாத."

"அது உங்க பழக்கம்."

ஒரு தடவை படித்தாள். புரியவில்லை. மறுபடி, எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

"போதாதாம்."

"என்ன போதாது? நாளா?"

"சீ, வாய மூடுங்க! ஊசியில எடுத்தது போதாதாம். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியலையாம். திரும்ப எடுக்கணுமாம்."

"அப்போ நல்லதா, கெட்டதா?"

"ரெண்டும் இல்ல."

"ரெண்டும் இல்லன்னா என்ன அர்த்தம்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா, இருபத்தாறு நாளை இப்படித் தொலைத்ததற்கு அவரை இரண்டு அறை விடுவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் கழுத்துக்குப் போன அவள் விரல் கட்டியைத் தொடாமல் பக்கத்திலேயே நின்றது. அவர் அந்தக் கையைப் பிடித்து, தானே அதன் மேல் வைத்தார். பெரிதாகியிருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா, அதுவும் தெரியவில்லை.

மணி ஆறு. லேப் ஆறரை வரை உண்டு. அவளே எண்ணைத் தட்டினாள். எடுத்த பெண் நாளை மாலை நாலு மணி என்றாள்.

"சரிம்மா. ரெண்டு பேர் வரோம்."

"ரெண்டு பேருக்கும் டெஸ்ட்டா மேடம்?"

"டெஸ்ட்டு அவருக்குத்தான்," என்றாள் அவள், அவரைப் பார்த்துக்கொண்டே. "டாக்டர் சொல்றத நான் என் காதால கேட்டுக்கணும்."