லோகநாதன் வெளியிட்ட மங்கல இசை

பட்டுப்புடவை வியாபாரி லோகநாதனுக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. ராகத்தின் பேர் சொன்னால் ஏதோ மளிகைச் சாமான் என்று நினைத்துக்கொள்வான். ஆனாலும் தொண்ணூற்று நாலில் ஆரணியில் கேசட் கம்பெனி ஆரம்பித்தான். சபாக்காரர்கள் சீந்தாத வித்வான்களை உலகத்துக்குக் காட்டப் போகிறானாம். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என்னை ரெக்கார்டிங்குக்குச் சேர்த்துக்கொண்டான்.

ஆறு கேசட் போட்டோம். ஐந்து குடோனில் தூங்கின. ஓடியது ஒன்றுதான், படவேட்டு பாஞ்சாலையம்மாவின் நாதஸ்வரம். கூடத் தவில் வாசித்தவர் அவர் புருஷன் எல்லப்பன். வெளியீட்டு விழாவில் லோகநாதன் மைக்கைப் பிடித்து, "என் பொண்ணு கல்யாணத்துக்கு இந்தம்மாதான் வாசிக்கணும்" என்று வாக்குக் கொடுத்தான். கைதட்டல் கிடைக்கிறதென்றால் அவன் எதையும் கொடுப்பான்.

மறுவருஷமே எல்லப்பன் செத்துப்போனார். அதோடு பாஞ்சாலையம்மாவை ஒரு கல்யாணத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. தாலியறுத்தவள் வாசித்தால் ஆகாதாம். அவர் கேசட் மட்டும் ஆகும். முகூர்த்தப் புடவை எடுத்தவர்களுக்கெல்லாம் லோகநாதன் அதை இனாமாகக் கொடுத்தான். ஊரில் பாதித் தாலி அதைக் கேட்டுத்தான் ஏறியது. வெட்கங்கெட்ட ஊர்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவன் மகள் திலகவதிக்குக் கல்யாணம். பாஞ்சாலையம்மா அந்த ஒரு வாசிப்புக்காகவே ஆறு வருஷமாய் விடாமல் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தவர். கொடுத்த வாக்கை நம்பி, நாதஸ்வரப் பெட்டியோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மண்டப வாசலிலேயே லோகநாதன் மறித்தான்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. உள்ள உன் கேசட்டுதான் ஓடிகினு இருக்குது. நீயே வந்து வாசிச்ச மாதிரிதான். கடைசிப் பந்தியில சாப்ட்டுட்டு போ."

சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டான். வாசலை ஒட்டி டேப் செட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டினதும் ஒயரைப் பிடுங்கினேன். மண்டபம் கப்சிப் என்றானது.

"இப்ப வாசிங்கம்மா. எவன் தடுக்கிறான்னு பாக்கலாம்" என்றேன்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை.

"கூப்டாத எடத்துல நான் வாசிக்கிறதில்லப்பா. அந்தப் பொண்ணு கழுத்த நீட்டிகினு ஒக்காந்திருக்குது. அது என்ன பண்ணுச்சு? ஜல்தியா ஒயர சொருகு."

சொருகினேன். அவர் வாசிப்பில் தாலி ஏறியது. அது முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

லோகநாதன் வேர்த்துப்போய் இறங்கி வந்தான். "இன்னா தேவநேசா, இன்னா ஆச்சு?"

"ஒயர் லூஸுங்க" என்றேன்.

முதல் பந்தியிலேயே எனக்கு இலை போடச் சொன்னான். பாயசம் வரை சாப்பிட்டேன்.