தகரத் தட்டு

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது, மகள் நடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளக் கழற்றும் ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். காலையிலிருந்து அவர்கள் பேசிய பேச்சைவிட இது ஒன்றும் மோசமில்லை.

“பொம்பளப் புள்ள சைக்கிள்ல இன்ஜின் மாட்டுறேன்னு நின்னப்பவே சொன்னேன், எவன் கேட்டான்? கடைசில அது அவனத் தூக்கிப் போட்டுருச்சு.”

பெரியப்பா வாசலில் நின்று எல்லோரிடமும் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சு நின்றுவிட்டதென்று டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதம் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கேட்டால், கீழே விழுந்த அதிர்ச்சியில்தான் நின்றதாம். நேரில் பார்த்தவர் மாதிரி! சாலையோரம் கிடந்த அப்பாவைப் பார்த்ததும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், பிறகு வண்டியைத் தன் வேனில் ஏற்றிவந்து இறக்கியதும் தினமும் தெருவுக்கு வரும் ரொட்டிக்காரர். அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்க இந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகும் தெருத்தெருவாகச் சுற்றியாக வேண்டும். அந்த முழங்காலுக்கு ஒரு வழி சொல்லாத பெரியப்பா, இன்ஜினுக்கு மட்டும் ஆயிரம் குறை சொன்னார். பம்ப்செட் பட்டறையில் வேலை செய்யும் மகள்தான் இரண்டு மாதம் மல்லுக்கட்டி, சைக்கிளின் நடுவே அந்தச் சின்ன இன்ஜினை உட்காரவைத்தாள். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்த அப்பா, “உன் இன்ஜின் சத்தத்துக்கு நாய்கூட வழி விடுதும்மா” என்று சிரித்தார்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, புகை அதிகமென்று கார்பரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கிப் பெட்ரோலைக் குறைத்தவளும் அவள்தான். அளவுக்கு மீறிக் குறைத்திருந்தால் இன்ஜின் சூடேறி, பிஸ்டன் இறுகி, ஓடும்போதே சக்கரம் நின்றிருக்கும். அப்படியென்றால் பெரியப்பா சொல்வது உண்மை. அம்மா காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்காததும் நியாயம்.

பிளக் கழன்று வந்தது. சூடேறி முனை வெளுத்திருந்தால் குற்றம் அவளுடையது. வெளுக்கவில்லை. நன்றாக வெந்த ரொட்டியின் மேல்தோல் நிறம். பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். பிஸ்டன் எங்கும் பிடிக்காமல் ஏறி இறங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

“பழைய இரும்புக்காரர வரச் சொல்லிட்டேன்.” பெரியப்பா நடைக்கு வந்திருந்தார். “இந்தச் சனியன் இனிமே வீட்டுல இருக்கக் கூடாது.”

“தொடாதீங்க பெரியப்பா.”

“அப்பன முழுங்கிட்டு வாய் வேறயா?”

அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா எழுந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் இருந்த தகரத் தட்டைப் பார்த்தாள். அப்பா ஒருநாளும் பெட்ரோல் டேப்பை மூடியதில்லை. வண்டி நின்றால் கார்பரேட்டரிலிருந்து சொட்டும், நடை முழுக்க நாறும். அம்மா திட்டிக்கொண்டே தட்டை வைப்பாள். இன்றும் ரொட்டிக்காரர் வண்டியை இறக்கியவுடன், பழக்க தோஷம், அவளே நகர்த்தி வைத்திருந்தாள். வைத்து நாலு மணி நேரம் ஆகியும் தட்டு காய்ந்தே கிடந்தது.

“இது ஏன் சொட்டல?”

மகள் டேங்கை ஆட்டிப் பார்த்தாள். பெட்ரோல் தளும்பியது. டேங்குக்கு அடியில் விரலை விட்டுத் தடவினாள்.

“டேப் மூடியிருக்கும்மா.”

“நீ மூடுனியா?”

“நான் தொடவே இல்ல. ரொட்டிக்காரருக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது.”

“வீட்டுல ஒரு குழாய ஒழுங்கா மூடத் தெரியாத மனுஷன்” என்றாள் அம்மா. பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் குரல் உயர்த்தாதவள்.

“தூக்கிப் போட்டுச்சுன்னீங்களே. விழுந்துக்கிட்டே டேப்ப மூடினாரா உங்க தம்பி?”

பெரியப்பாவின் கை சட்டைப் பையிலிருந்த காகிதத்துக்குப் போனது.

“நெஞ்சு வலிக்கவும் வண்டிய நிறுத்தியிருக்காரு. எறங்கி, டேப்ப மூடிட்டுத்தான் ஓரமா போயிருக்காரு. அந்த இரும்புக்காரரப் போகச் சொல்லுங்க.”

வாசலில் நின்ற இரும்புக்காரர் யாரும் சொல்லாமலே தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டார். அம்மா குனிந்து தட்டில் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அதைக் கார்பரேட்டருக்கு நேர் கீழே நகர்த்தி வைத்துவிட்டுக் கூடத்துக்குள் போனாள்.