கெண்டியைத் தேய்த்தவன்

மருமகன் வந்த மூன்றாம் நாளே வில்ஃப் ஹார்கிரீவ்ஸுக்கு அவனைக் கண்டாலே எரிச்சல் வரத் தொடங்கிவிட்டது. அவர் கண்ணெதிரே அந்த ஆள் ஒரு கோப்பையில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, டீப் பையை அதில் போட்டு, மைக்ரோவேவுக்குள் தள்ளிப் பொத்தானை அமுக்கினான். கோப்பை உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே எடுத்தபோது மேலே எச்சில் மாதிரி ஒரு படலம்.

"கெட்டில் கைக்கெட்டற தூரத்துலதான் இருக்கு," என்றார் வில்ஃப்.

"தெரியும் சார். இது சட்டுனு ஆயிடும்."

"சார்னு கூப்பிடாதே. நான் போலீஸ்காரன் இல்ல."

"சரி சார்."

லைல் அமெரிக்கன், ஒஹையோக்காரன். ஆறடிக்கு மேல் உயரம், எந்நேரமும் பல் தெரியும் சிரிப்பு. காரணம் இல்லாமல் சிரிக்கிறவனை வில்ஃப் நம்புவதில்லை. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்த் தெருவில் எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி நலம் விசாரித்தான். பஸ்ஸுக்கு நின்ற ஒரு கிழவியிடம் தன் முதுகில் நடந்த ஆபரேஷனைப் பற்றி விலாவாரியாகச் சொல்லியிருக்கிறான். பாவம், அவள் தன் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தாளாம்.

ஆனாலும் வில்ஃப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில் குளியல் தொட்டிக்குள் வழுக்கி விழுந்தவர், பக்கத்து வீட்டு ஸ்டான்லி வந்து தூக்கும்வரை அரை நாள் அம்மணமாகக் கிடந்தார். இப்போது மகள் ஜில்லுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலை தருகிறோம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். புருஷன் இங்கே இருக்க ஒத்துக்கொண்டால் அவளும் இருப்பாள். இல்லையென்றால் மறுபடி கடல் தாண்டிப் போய்விடுவாள். இருந்துவிடு என்று வில்ஃப் வாய்விட்டுக் கேட்கவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லை.

அன்று சாப்பாடு முடிந்து அவர்தான் பாத்திரம் கழுவினார். தொட்டியில் வெந்நீர், சோப்பு, நல்ல நுரை. தட்டை முக்கித் தேய்த்து, நுரையோடு எடுத்துத் தாங்கியில் சாய்த்துவைத்தார். நுரை தானாக வடிந்துவிடும். லைல் பக்கத்தில் வந்து நின்று, அவர் வைத்த ஒவ்வொரு தட்டையும் எடுத்துக் குழாயடியில் காட்டினான்.

"என்ன பண்றே?"

"அலசறேன்."

"அதான் கழுவியாச்சே."

"சோப்பு போகலையே சார். நாளைக்கு இதுலதானே சாப்பிடணும்?"

"எழுபத்தாறு வருஷமா சாப்பிடறேன். செத்தா போயிட்டேன்?"

லைல் குழம்புக் கொழுப்பு மிதந்த தொட்டித் தண்ணீரைப் பார்த்தான். செத்த எலியைப் பார்க்கிற முகம். வில்ஃப் அதைக் கவனித்துவிட்டார். சொந்த வீட்டில் தன்னை ஒருவன் அழுக்கன் என்று சொல்லாமல் சொல்லுகிறான்.

மகளைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். "குளியலறையில கம்பளம் போட்டிருக்கோம்னு மூக்கைச் சுளிக்கிறான். வாஷிங் மெஷின் அடுப்படியில இருக்கக் கூடாதாம்."

"ஜட்டி துவைக்கிற எடத்துல முட்டை பொரிக்கிறீங்களேன்னு கேட்டாரு. அவ்வளவுதாம்ப்பா."

"வேர்க்கடலைய அரைச்சு அதும்மேல திராட்சை ஜாமை அப்பித் திங்கறவன் பேசற பேச்சா இது?"

"நீ பீன்ஸை ரொட்டி மேல கொட்டித் திங்கலையா?"

"அது சாப்பாடு."

ஜில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அவர விரட்டிடாதப்பா," என்றாள்.

வியாழக்கிழமை காலை பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பிய வில்ஃப் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மேசைமேல் அவர் டீ ஊறவைக்கும் கெண்டி பளபளத்தது. மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. அது வெள்ளைக் கெண்டி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. முப்பத்தொரு வருடத்துக் கறை. அதற்குள் சோப்பு போனதே இல்லை. வெந்நீரை ஊற்றி ஒரு சுற்று சுற்றிக் கொட்டுவதோடு சரி. அந்தக் கறையில்தான் ருசி இருக்கிறது என்று ஹாலிஃபாக்ஸில் கைக்குழந்தைகூடச் சொல்லும்.

லைல் ஈரக் கையோடு நின்றான். "உள்ள ஒரே கறுப்பு சார். ஏதோ செத்து ஒட்டிக்கிட்டிருக்குன்னு நெனச்சேன். ஒரு மணி நேரம் தேய்ச்சேன்."

வில்ஃப் வாயைத் திறந்தார். முன்பு வேலை பார்த்த கம்பள ஆலையில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய வார்த்தைகள் தொண்டை வரை வந்துவிட்டன. ஆனால் மாடிப்படியில் ஜில் முந்திக்கொண்டாள்.

"அப்பா, லைல் சரின்னுட்டாரு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணப்போறேன்."

"இங்கதானே இருக்கப்போறோம்," என்றான் லைல். "நம்ம அடுப்படியாச்சே, கெண்டியில ஆரம்பிப்போம்னு பாத்தேன். உங்க முறைப்படியே பண்ணியிருக்கேன் சார். கெட்டில்ல கொதிக்கவெச்ச தண்ணி. கெண்டியையும் உங்கள மாதிரியே தொட்டியில முக்கி எடுத்து வெச்சேன். அலசவே இல்ல."

ஊற்றிக் கொடுத்தான். வில்ஃப் உட்கார்ந்து குடித்தார். முதலில் எலுமிச்சை சோப்பு. அப்புறமும் எலுமிச்சை சோப்பு. எங்கேயோ அடியில் கொஞ்சம் டீ. நாக்கின் பின்பக்கம் வழவழத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார்.

"எப்படி இருக்கு சார்?"

ஜில் படியிலிருந்து இறங்காமல் கைப்பிடியைப் பிடித்தபடி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"குடிக்கலாம்," என்றார் வில்ஃப்.

ஜில் மூச்சை விட்டாள். லைலுக்கு முகமெல்லாம் பல். அவர் கையால் மூடுவதற்குள் கோப்பையில் மறுபடி ஊற்றிவிட்டான். வில்ஃப் அதையும் குடித்தார். அடிவரை.

ஜில்லும் லைலும் கடைக்குக் கிளம்பினார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வில்ஃப் கெண்டியில் இருந்த மிச்சத்தைக் கொட்டினார். பழுப்பாக நுரை பொங்கியது. குழாயைத் திறந்து கெண்டியைக் காட்டினார். ஊற்றி, குலுக்கி, கொட்டி, மோந்து பார்த்து, மறுபடி ஊற்றினார். ஐந்தாவது தடவையும் எலுமிச்சைதான் அடித்தது.

தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஸ்டான்லி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன வில்ஃப், அலசறியா? அமெரிக்காக்காரனா ஆயிட்டியா?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு, வில்ஃப் கோப்பையையும் எடுத்துக் குழாயடியில் பிடித்தார்.