சீல் வைத்த வீட்டில் ஷிஜின்

பூதப்பாண்டியில் ஏத்தவாழை பயிரிட்டிருந்த சுயம்புராஜ், வீட்டை ஈடு வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்தார். அடுத்தடுத்து இரண்டு வருஷம் காற்றடித்துக் குலை தள்ளிய வாழையெல்லாம் சாய்ந்தது. தவணை நின்றது. நோட்டீஸ் வந்தது, கோர்ட் உத்தரவு வந்தது, கடைசியில் ஆட்களே வந்துவிட்டார்கள்.

கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனர், வங்கி மேனேஜர் நாராயணபெருமாள், வங்கியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஷிஜின். சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். சுயம்புராஜின் மனைவி பகவதி, வந்த கோபத்தில் ஒன்றும் வேண்டாம் என்று புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் ஆள் இல்லை என்று கமிஷனர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கதவையும் பூட்டி அரக்கு வைத்தார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணம் என்று கமிஷனர் தன் காரில் கிளம்பினார். ஷிஜின் அதில் ஏறிப் போயிருப்பான் என்று நினைத்து மேனேஜரும் ஜீப்பை எடுத்தார்.

ஷிஜின் குளிமுறியில், கக்கூஸுக்குள் இருந்தான். காலையில் தின்ற பரோட்டா அவனுக்குச் சேரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுக்களை ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது.

"அக்கா, எல்லாரும் போயாச்சா?"

சுயம்புராஜ்தான் மேனேஜருக்குப் போன் செய்தார். திரும்பி வந்த மேனேஜர் அரக்கைத் தொட்டுப் பார்த்தார், உடைக்கத் துணியவில்லை. கமிஷனர் மறுநாள்தான் வருவாராம். உள்ளே எதையும் தொடக்கூடாது என்று ஜன்னல் வழியாக ஷிஜினிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஆனது. வெளியே இருந்த இருவருக்கும் பசி, உள்ளே இருந்தவனுக்கும் பசி. பகவதி ஜன்னலருகே போனாள்.

"பிரிட்ஜில மாவு இருக்கு. தோசை சுடத் தெரியுமா மக்கா?"

தெரியாது என்றான். அவள் வெளியே நின்று சொல்லச் சொல்ல அவன் தேங்காய்ச் சட்னி அரைத்தான், தோசை சுட்டான். முதல் தோசை இந்திய வரைபடம்போல வந்தது. நான்காவது வட்டமானது. கம்பி வழியாகத் தட்டை நீட்டினான். சுயம்புராஜ் புளியமரத்தடியில் உட்கார்ந்து தின்றார், சட்னியில் உப்பு போதாது என்று சொல்லியனுப்பினார். வீடு போன துக்கம் விசாரிக்க வந்தவர்களும் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் மேனேஜர் கமிஷனரோடு வந்தபோது ஜன்னல் முன்னால் வரிசை நின்றது. ஷிஜின் தோளில் துண்டு போட்டுக்கொண்டு, யாருக்கு முறுகல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். மேனேஜர் திட்ட வாயெடுத்தார். பகவதி ஒரு தட்டை அவர் கையில் வைத்தாள். விடியுமுன்னே புறப்பட்டு வந்தவர், தின்றுவிட்டார்.

அரக்கை உடைத்து ஷிஜினை வெளியே விட்ட கமிஷனருக்குத்தான் வியர்த்தது. ஆளில்லாத வீடு என்று எழுதிக் கொடுத்தவர் அவர். வேறு வழியில்லாமல் கோர்ட்டில் உள்ளதைச் சொன்னார். நடந்த ஜப்தி செல்லாது, முதலிலிருந்து எல்லாம் தொடங்கவேண்டும் என்றாகிவிட்டது. வீட்டுச் சாவியைச் சுயம்புராஜிடமே கொடுத்தார்கள்.

அடுத்த நோட்டீஸ் வந்து சேர்வதற்குள் ஓணம் வந்துவிட்டது. அந்த வருஷம் காற்று வரவில்லை. ஓணத்துச் சிப்ஸுக்காக ஏத்தங்குலைக்கு நல்ல விலை. சுயம்புராஜ் வங்கிக்குப் போய் நிலுவையை மொத்தமாகக் கட்டினார். நாராயணபெருமாள் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தச் சட்னிக்குத் தேங்காயை வறுத்தா அரைச்சிய, பச்சையாவா?"